நாவொற்றிய தாள்கள்

பெட்டியின் மூடியைத் தூக்கியவுடன் அவளுக்கு எட்டியது பழந்தாளின் வாசம் அன்று, வாயின் வாசம்.

பழங்கடிதம் எப்படி மணக்கும் என்பது அவள் அறியாததன்று. ஆறாண்டுகளாக அந்த அறிவியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் கிழிந்த தாளை ஒட்டியும், பூஞ்சை பிடித்ததைத் துடைத்தும், மடிந்ததை நிமிர்த்தியும் வயிறு வளர்ப்பவள் அவள். புழுதி மணக்கும், கரப்பான் மணக்கும், புளித்த பசை மணக்கும். ஆனால் இது, இரவெல்லாம் மூடிக் கிடந்து விடிந்ததும் முதன்முதலாகத் திறந்த வாய், பல் துலக்காத வாய், முகத்துக்கு நேரே வந்து நின்று மெல்ல மூச்சு விட்டதைப் போலிருந்தது. வெளியே பட்டப்பகல். சன்னலுக்கு அப்பால் வெயில் விழுந்த மதில். அவள் மூடியைத் திரும்பச் சாத்தி, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் திறந்தாள். இம்முறை இன்னும் சற்று வெதுவெதுப்பாக வந்தது.

கடிதங்களை எழுதியவர் அக்கல்லூரியின் பெருமை. வாயிலில் வெண்கலச் சிலையாய் நிற்கும் வேதியியல் மேதை. புதுப்புதுச் சேர்மங்களை ஆக்கி, ஒவ்வொன்றின் குணத்தையும் வெளியூர் நண்பர் ஒருவருக்குக் கடிதமாய் எழுதியவர். நூறாண்டு கழித்து அந்த நண்பரின் வீட்டார் அவற்றை மேதையின் கொள்ளுப்பேத்தியிடம் சேர்க்க, அவள் கல்லூரிக்குக் கொடையளித்தாள். நாற்பத்தொரு கடிதங்கள். மறுநாள் காலை, மேதையின் பெயர் தாங்கிய புதிய மண்டபத்தில் கண்ணாடிப் பேழைக்குள் அவை பார்வைக்கு வருகின்றன.

ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் மூன்று விரல் அகலத்தில் ஒரு மெல்லிய தாள் ஒட்டியிருந்தது. தாளின் நடுவே பழுப்பாய், ஓரம் கருத்து, நீள்வட்டமாய் ஒரு கறை. கறை இன்னதென்று மேதையே தம் அழகிய கையெழுத்தில் சொல்லியிருந்தார்: "முதல் நாக்கு: புளிப்பு, பின்னர் எரிவு. நாவை ஒற்றிய தாளை இணைத்துள்ளேன். நுனியின் நிறத்தைக் கவனிக்கவும்."

அக்காலத்து வேதியியலார் தாம் ஆக்கிய பொருளை நாவில் இட்டுச் சுவைத்தே குறிப்பெழுதினார்கள். அதை அவள் படித்திருக்கிறாள். தன் ஆய்வுக்குத் தன் நாவை ஈந்தவனை வணங்கலாம். இவரோ தம் நாவை விருந்துக்கும் மேடைக்கும் பத்திரப்படுத்திக்கொண்டு, குடுவை கழுவ வந்தவர்களின் நாவை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அவர்களுக்குக் கடிதத்தில் பெயரில்லை, எண் மட்டுமே. முதல் நாக்கு. இரண்டாம் நாக்கு. ஒன்று மரத்துப்போனால் அடுத்தது.

அவள் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்த காலையிலேயே காப்பாளர் வந்து நின்றார். மேலிடம் எதை நீட்டினாலும் முத்திரை குத்துபவர் என்பதால் ஊழியர்கள் அவருக்கு இட்ட பெயர் முத்திரை.

"அந்தத் துண்டுத் தாளெல்லாம் பிரிச்சு எடுத்துடும்மா. கடிதத்துல ஒரு கறை தெரியக்கூடாது. கொடை குடுத்த அந்தம்மா நாலு மணிக்கு வர்றாங்க."

"சார், அது கறை இல்ல. ஆளுங்க. எழுத்துல வெறும் நம்பர்தான்; அவங்க இருந்ததுக்கு இது ஒண்ணுதான் சாட்சி."

"ஆளுங்கன்னா பேரு எங்க? பேரில்லாததுக்கு நான் எப்படிப் பட்டியல்ல நம்பர் போடுறது?"

"அவர் எழுதாம விட்டதுக்கு அவங்க என்ன செய்வாங்க சார்?"

முத்திரை சிரித்தார். "நல்லாத்தான் பேசுற. மேடையில பேசு, கை தட்டுறேன். உன் வேலை நிரந்தர உத்தரவு என் மேசையில கிடக்கு. அதுவும் ஆறு வருஷமா வாய் திறக்காமதான் கிடக்கு. பார்த்துக்க."

அவள் பார்த்துக்கொண்டாள். அதுதான் அவள் செய்த முதல் குற்றம்.

நூறாண்டுப் பசையை இளக்கத் தண்ணீர் ஆகாது, மை கரைந்துவிடும். மருந்து ஆகாது, தாள் வெந்துவிடும். அத்தொழிலில் கைதேர்ந்தவர்கள் எல்லாரும் அறிந்த, எவரும் வெளியே சொல்லக் கூசும் வழி ஒன்றுண்டு: எச்சில். பஞ்சுக்குச்சியை வாயில் வைத்து நனைத்து, பசைமேல் மெல்ல உருட்டினால், எந்த மருந்துக்கும் மசியாத அழுக்கு அந்த இளஞ்சூட்டுக்கு மசியும். விதி ஒன்றே ஒன்றுதான். தாளைத் தொட்ட குச்சி மறுபடி வாய்க்குப் போகக்கூடாது. ஒரு முறைக்கு ஒரு குச்சி. பழகும் நாளிலேயே அடித்துச் சொல்லிக் கொடுப்பார்கள்.

முதல் கடிதத்தில் குச்சியை உருட்டினாள். பசை சுருண்டு எழுந்தது. கறையும் மெல்ல மெல்ல வெளுத்து, கடைசியில் துண்டுத்தாள் வெள்ளை வெளேரென்று அவள் விரலோடு வந்தது. ஒரு மனிதனின் முகத்தை எச்சில் தொட்டு அழித்துவிட்டதைப் போலிருந்தது.

பத்தாவது கடிதத்தில் மூன்றாம் நாக்கு வந்தது. முதலில் முழுதாக இருந்தது. பதினான்காவதில் அதன் ஓரம் கடித்த அப்பளம் போல் பொரிந்திருந்தது. பதினேழில் நடுவே ஒரு பிளவு. பத்தொன்பதில் பாதிதான் இருந்தது; மறுபாதி இருக்க வேண்டிய இடத்தில் சீழின் நிறத்தில் ஒரு வளையம். மேலே மேதையின் கை நடுங்காத எழுத்து: "மூன்றாவது பயனற்றுப் போயிற்று. நாளை முதல் நான்காவது. தங்கள் இல்லத்தார் நலமா?"

அந்த வளையத்தில் குச்சியை வைத்த வேளையில் கைபேசி ஒலித்தது. அவளுடைய அக்கா.

"சாப்டியாடி?"

"இல்லக்கா. குமட்டுது."

"குமட்டாம என்ன பண்ணும்? எச்சில் தொட்டுத் துடைக்கிறதுக்கு அஞ்சு வருஷம் படிச்ச ஒரே ஆளு உலகத்துலயே நீதான். சிலேட்டுல எழுதுற புள்ளைக்கெல்லாம் அந்தப் படிப்பு பிறவியிலயே வந்துருது."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, காதுக்கும் தோளுக்கும் இடையே கைபேசியை இடுக்கிக்கொண்டே, குச்சியை எடுத்து வாயில் வைத்தாள். நனைத்தாள். அதன் பிறகுதான் அது பத்தொன்பதாம் கடிதத்தைத் தொட்ட குச்சி என்பது உறைத்தது.

இனிப்பு.

அருவருப்பிலும் அருவருப்பு அதுதான். கசந்திருந்தால் துப்பியிருப்பாள். அது இனித்தது, கெட்டுப்போன பழத்தின் அடிப்பாகம் போல, சொத்தைப் பல்லில் தேங்கிய பாகு போல, கொழகொழவென்று இனித்தது. குழாயடிக்கு ஓடினாள். கொப்பளித்தாள். சோப்பை விரலில் தேய்த்து நாக்கை வழித்தாள். கண்ணில் நீர் வந்தது, இனிப்பு போகவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள். மணி ஒன்று. இன்னும் இருபத்திரண்டு கடிதங்கள்.

"நான்காம் நாக்கு," என்றது இருபதாவது. "முதலில் இனிப்பு. கால் மணியில் அடிநா மரத்தல். அரை மணியில் வாயினுள் மிகைப்பொருள் ஒன்று இருப்பதாகச் சொல்கிறது."

அடிநா மரத்திருந்தது.

நாக்கின் கீழே, பல்லுக்கு உட்புறம், மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. உணவுத் துணுக்கு என்று எண்ணினாள். ஆனால் காலையிலிருந்து அவள் எதையும் உண்ணவில்லை. நாக்கின் நுனியால் அதைத் தொட்டாள். அது பின்வாங்கியது. பிறகு, கண் தெரியாதவர் கையைத் தேடுவது போல, மெல்ல வந்து அவள் நாக்கைத் தொட்டது.

அறையில் அந்த வாசம் இப்போது பெட்டியிலிருந்து வரவில்லை. அவள் மூச்சிலிருந்து வந்தது. ஆயினும் கை நிற்கவில்லை. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. உருட்டல், சுருளல், வெளுத்தல். ஐந்தாம் நாக்கு. ஆறாம் நாக்கு. கன்னங்கள் உப்பின. எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. அவள் விழுங்க, அது ஊற, அவள் விழுங்கினாள்.

கைபேசி மறுபடி ஒலித்தது.

"ஏண்டி, பாதியில வச்சுட்டுப் போயிட்ட? மயக்கமா?"

"ஒண்... ஒண்ணுமில்லக்கா."

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "யாருடி பக்கத்துல?"

"யாருமில்ல."

"பொய் சொல்லாத. நீ பேசுறப்ப கூடவே இன்னும் யாரோ பேசுறாங்க. ரெண்டு மூணு பேரு. ஒரு சின்னப்புள்ள கூட இருக்கே?"

அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

நாற்பத்தொன்று. கடைசிக் கடிதம். "ஏழாவது நாக்கு சிறிது, ஆகவே நுட்பமானது. தங்களுக்கு இது மிகவும் பிடிக்கும்." தாளில் இருந்த கறை அவள் கட்டைவிரல் அளவுதான்.

பெற்றவள் ஒருத்தி இருந்திருப்பாளே! வேலைக்கு அனுப்பிய பிள்ளை, மாலையில் வந்து ஒரு சொல்லும் பேச மாட்டாமல் வாசலில் நின்றிருக்குமே! இதைத் துடைக்க மாட்டேன் என்று அவள் உறுதி கொண்டாள். உத்தரவும் வேண்டாம், உத்தியோகமும் வேண்டாம். இந்த ஒன்றையாவது எண் போட்டுப் பட்டியலில் ஏற்றுவேன். முத்திரையின் முகத்துக்கு நேரே சொல்வேன். அந்த உறுதியோடு குனிந்து பார்த்தாள்.

துண்டுத்தாள் ஏற்கெனவே வெள்ளையாக இருந்தது.

எப்போது துடைத்தாள்? பயன்படுத்திய குச்சிகளைப் போடும் கிண்ணத்தைப் பார்த்தாள். நாற்பத்தொரு குச்சிகள் கிடக்க வேண்டும். பத்தொன்பதுதான் கிடந்தன. பஞ்சில் பழுப்பின் தடம்கூட இல்லை. பத்தொன்பதும் பளிச்சென்று வெளுத்திருந்தன. டப்பாவைத் திறந்தாள். மீதிக் குச்சிகள் தொடப்படாமல் வரிசையாகப் படுத்திருந்தன. எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பத்தொன்பதுக்குப் பிறகு ஒரே குச்சி. தாளுக்கும் வாய்க்கும், தாளுக்கும் வாய்க்கும், இருபத்திரண்டு முறை.

அது இப்போது எங்கே?

பல்லிடுக்கில் மரம் உறுத்தியது. அவள் அதைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே உருவினாள். உள்ளே ஏதோ அதைப் பிடித்து இழுத்தது. பிறகு விட்டது; தூர எறிந்தாள்.

கதவு திறந்தது. முத்திரை. அவர் பின்னே கொள்ளுப்பேத்தி. நறுமணம், வெளிர் சேலை, மோதிரம் மின்னும் கை.

"எங்க பொண்ணு கை பட்டா கறை தானா ஓடிரும் மேடம்," என்றார் முத்திரை.

கொள்ளுப்பேத்தி கடிதங்களைப் புரட்டினாள். முகம் மலர்ந்தது. "அடடா, சுத்தமா இருக்கே! நான் பயந்துட்டேன்மா. தாத்தா பேருக்கு ஒரு களங்கம் வரக்கூடாது பாரு. இங்க ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடு."

படிவத்தை மேசைமேல் வைத்து, நகராதபடி ஓரத்தில் தன் கையை ஊன்றிக்கொண்டாள். அச்சிட்ட வரி ஒன்றே: இத்தொகுப்பில் கடிதங்களைத் தவிர வேறெதுவும் இல்லை, இருந்ததும் இல்லை. கீழே வெற்றிடம்.

முடியாது என்று சொல்ல வேண்டும். ஒரே சொல். நரம்பில்லாத நாக்கு எதையும் பேசும் என்பார்களே, இந்த ஒரு சொல்லைப் பேசட்டும்.

வாயைத் திறந்தாள்.

சொல் வரவில்லை. இடமில்லை.

முத்திரையின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வாய்க்குள் பார்த்தார். ஓரடி பின்னே வைத்தார். முதுகு அலமாரியில் இடித்தது.

எழுதியாவது மறுக்க அவள் பேனாவைத் தேடினாள். கை எழவில்லை. தலைதான் குனிந்தது. யாரோ பிடரியைப் பிடித்து, பழக்கப்பட்ட வேலைக்கு வளைப்பதைப் போலக் குனிந்தது. சுவைத்தாகிவிட்டது. இனி ஒற்ற வேண்டும்.

முதலாவது படிந்தது. அகலமாக, முழுதாக, பழுப்பாக. அதன் அருகே இரண்டாவது. பிறகு மூன்றாவது, பாதி. ஒவ்வொன்றும் அவள் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளிவந்து, தாளில் அழுந்தி, ஈரமாய் ஒலித்து, உள்ளே போய் அடுத்ததற்கு வழிவிட்டது. நான்கு. ஐந்து. கொள்ளுப்பேத்திக்குக் கத்த வரவில்லை. கையை எடுக்கவும் வரவில்லை. ஆறு.

தாள் நிறைந்துவிட்டது.

ஏழாவது சிறியது. அது உதட்டோரத்தில் நீண்டு, காற்றில் இப்படியும் அப்படியும் தேடிற்று. பிறகு அவள் முகம் தாளின் விளிம்பைத் தாண்டி, மோதிரம் மின்னும் அந்த வெள்ளைக் கையை நோக்கி மெல்ல நகர்ந்தது.