திரை வரும்வரை

கடலோர ஊரான மாலபோனில் அன்று மதியமே கடல்நீர் தெருவுக்குள் ஏறத் தொடங்கியிருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. கணினி பழுதுபார்க்கும் நெஸ்டோர் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு சாபெலின் வீட்டு வாசலுக்கு வந்தான்.

தார்ப்பாய்க்குக் கீழே நாலு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தர்பூசணி விதையைக் கடித்துத் துப்பிவிட்டு, செத்தவரை ரிப்பேர் பார்க்க வந்தாயா என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். இழவு வீட்டில் சிரிக்கலாம். கண்ணீர்தான் பெட்டியின் மேல் விழக்கூடாது.

முன்னறையில் பெட்டி. கண்ணாடி மூடிக்குள் கிழவர் இமோ வெள்ளைச் சட்டையில் படுத்திருந்தார். விரலில் கல்யாண மோதிரம்.

ஊரே நானாய், அம்மா, என்று அழைக்கும் கிழவரின் மனைவி சாபெல் அவனை மூலைக்கு அழைத்துப்போனாள். மேஜைமேல் ஏதோ ஒன்று படுக்கை விரிப்பால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

"சாவு வீட்டுல கண்ணாடி திறந்திருக்கக்கூடாது, எல்லாத்தையும் மூடியாச்சு. இதுவும் அணைஞ்சா கண்ணாடி மாதிரிதான். அதான் மூடிட்டேன்."

கணினி முழுவதும் திரையின் முதுகிலேயே அடங்கியிருக்கும் பழைய வகை. மூத்த மகன் அர்னெல் சரக்குக் கப்பலில் போகுமுன் வாங்கி வைத்தது. அவன் இப்போது நடுக்கடலில் இருந்தான். வர வழியில்லை. நாளை அடக்கம். போனில் முகத்தைக் காட்டுகிறேன் என்று நானாய் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அர்னெல் கேட்கவில்லை. அப்பா தினமும் எந்தத் திரையில் தன்னைப் பார்த்தாரோ, அதில்தான் வருவேன் என்றுவிட்டான்.

"மதியமானா பொத்தானை அழுத்திட்டு உக்காந்துடுவாரு," என்றாள். "அது வர்றதுக்குள்ள காபி ஆறிப்போகும். மோதிரத்தால மேஜையைத் தட்டிக்கிட்டே, இன்னும் வரலியா, இன்னும் வரலியான்னு கேப்பாரு. அன்னிக்கும் அப்படித்தான். நான் காபியைச் சுடவைக்கப் போனேன். தட்டற சத்தம் நின்னுபோச்சு."

அதன் பிறகு கணினியும் வரவில்லை.

அவன் அதை பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தூக்கிக்கொண்டான். யாரும் வாசல்வரை வழியனுப்ப வரவில்லை. வரக்கூடாது. சீட்டாடியவன் மட்டும் தலை நிமிராமல் சொன்னான். "நேரா வீட்டுக்குப் போகாத. எங்கயாவது நின்னு போ."

நெஸ்டோருக்குத் தெரியாததல்ல. இழவு வீட்டிலிருந்து வருகிறவன் வழியில் எங்காவது நிற்க வேண்டும். கூட வருவது அங்கேயே தங்கிவிடும். அவன் எப்போதும் முனை பேக்கரியில் நின்று ஒரு ரொட்டி தின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். இன்று பேக்கரிப் படியைத் தண்ணீர் தொட்டுவிட்டது. கையில் கணினி. தவிர, அவன் துக்கத்துக்குப் போகவில்லை. வேலைக்குப் போனான்.

நேராக வீட்டுக்குப் போனான்.

வீட்டின் முன்னறைதான் கடை. வேலை மேஜை, விளக்கு, வாடிக்கையாளர் உட்காரப் பிரம்பு நாற்காலி. ஐந்து வயது மகள் இஸ்கா தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். மனைவி டெலியா உள்ளே மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

விரிப்பின் முடிச்சை அவிழ்த்தான். அவிழ்க்காமல் வேலை செய்ய முடியாது.

இந்த வகைக்குள் போக முன்கண்ணாடியைப் பெயர்க்க வேண்டும். ஓரங்களைச் சூடாக்கி, பழைய ரீசார்ஜ் அட்டையைச் செருகிப் பசையை மெல்ல மெல்ல அறுக்க வேண்டும். அவசரப்பட்டால் கண்ணாடி விரியும். அவன் அவசரப்படவில்லை.

பசை விட்டதும் உள்ளேயிருந்து ஒரு வாசனை வந்தது. சுருட்டு. கற்பூரத் தைலம். ஆறிய காபி.

விசிறியில் தூசி கம்பளி போல் படிந்திருந்தது. துடைத்தான். பழைய ஹார்ட் டிஸ்க் செத்திருந்தது. கழற்றி, வேகமான புது எஸ்எஸ்டி டிஸ்க்கைப் பொருத்தினான். ரேமை இரண்டு மடங்காக்கினான். இனி பொத்தானை அழுத்தினால் ஒரு மூச்சு விடுவதற்குள் திரை வந்துவிடும். காபி ஆறாது.

பின்னால் மேஜையைத் தட்டுவது போல் சத்தம். டொக். டொக். டொக்.

"இஸ்கா, தட்டாத."

சத்தம் நின்றது.

திரும்பப் பொருத்த, ரப்பர் உறிஞ்சு கப்புகளை ஒட்டிக் கண்ணாடியை இரு கையாலும் தூக்கினான். முகத்துக்கு நேராக. கரும்பளபளப்பில் அவன் முகம் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் விளக்கு. விளக்கின் கீழே பிரம்பு நாற்காலி.

நாற்காலியில் வெள்ளைச் சட்டை.

அவன் திரும்பினான். நாற்காலி காலியாக இருந்தது. இஸ்கா அதன் அருகில் நின்றிருந்தாள். உட்கார்ந்திருப்பவரின் மடியில் சாய்வது போல, ஒன்றுமில்லாத இடத்தில் சாய்ந்திருந்தாள்.

விழவில்லை.

"யாரும்மா அங்க?" அவன் குரல் மெதுவாகத்தான் வந்தது.

"தாத்தா. இன்னும் வரலியான்னு கேக்கறாரு."

மறுநாள் காலை கணினியைக் கொண்டுபோய் சவப்பெட்டியின் தலைமாட்டில் வைத்தான். அழுத்தியதும் திரை வந்தது. அர்னெல் வந்தான். பின்னால் கப்பலின் இரும்புச் சுவர். எல்லாரும் சேர்ந்து ஜெபம் சொன்னார்கள். அர்னெல் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தான். கேட்டதைக் கொடுத்தாயிற்று என்று நெஸ்டோருக்குத் தோன்றியது. இனி அவர் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது பேக்கரியில் நின்றான். ரொட்டி வாங்கினான். கடைசித் துணுக்குவரை நின்றே தின்றான்.

வீட்டுக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது.

டொக். டொக். டொக்.

இஸ்கா பிரம்பு நாற்காலியின் காலடியில் உட்கார்ந்து, சுவரோரம் கிடந்த பழைய மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மின்சாரமே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டார்கள். இப்ப வந்துடும் என்றாள். தூக்கினால் கத்தினாள். அவள் கைகள் சில்லிட்டிருந்தன.

அதன்பின் மதியம்தோறும் அப்படித்தான். விளையாட்டு நின்றது. வரைவது நின்றது. சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போய், சட்டை தோளில் நிற்கவில்லை. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார். நெஸ்டோர் நாற்காலியை ஆற்றில் வீசினான். இஸ்கா வெறும் தரையில், அது இருந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தையைக் கல்லறைக்குத் தூக்கிப்போய், திரும்பும் வழியில் கஞ்சிக்கடையில் நிறுத்தினார்கள். இஸ்கா இன்னொரு கிண்ணம் கேட்டாள். தனக்கில்லை என்றாள்.

டெலியா அவனைத் திட்டவில்லை. ஒரே ஒரு முறை கேட்டாள். "ஒரு ரொட்டி தின்னுட்டு வர நேரமில்லையா உனக்கு?"



கடைசியில் நானாய் சாபெல் வந்தாள். கறுப்பு உடையில், கையில் கிழவரின் ரப்பர்ச் செருப்போடு. செருப்பைத் தரையில் வைத்தாள். நாற்காலி இருந்த காலி இடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"வாங்க, போகலாம். இது அடுத்தவங்க வீடு. புள்ள பயப்படுது. காபி போட்டு வச்சிருக்கேன்."

திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தாள். கண்ணைத் துடைக்கவில்லை. டெலியா ஜன்னல் வழியே அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்தாள்.

"போயிட்டாராடி?" என்று இஸ்காவிடம் கேட்டாள்.

"இல்ல. வந்தப்புறம்தான் போவாராம்."

நெஸ்டோருக்கு அப்போதுதான் விளங்கியது. அடக்கத்தன்று அர்னெல் பார்த்தது பெட்டியை. கிழவர் அங்கே இல்லை. அவர் இங்கே, அவன் முன்னறையில், பிரம்பு நாற்காலியில் இருந்தார். அவனோடு வந்தவரை அவன் திருப்பிக் கொண்டுபோகவில்லை.

மறுநாள் மதியம் நானாயிடமிருந்து அந்தக் கணினியையே வாங்கி வந்தான். நாற்காலி இருந்த இடத்துக்கு நேரே மேஜைமேல் வைத்தான். இஸ்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தான். அர்னெலுக்கு எல்லாம் சொல்லியிருந்தான். அர்னெல் சிரிக்கவில்லை. கப்பலில் தன் காவல் முறையை மாற்றிக்கொண்டு காத்திருந்தான்.

பொத்தானை அழுத்தினான். உடனே திரை வந்தது. திரையில் அர்னெல்.

"அப்பா," என்றான் அர்னெல். "நான்தான். வந்துட்டேன்."

தைல வாசனை அடித்தது.

அர்னெல் பேசிக்கொண்டே போனான். கப்பலைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி, கிறிஸ்துமஸுக்கு வருவதைப் பற்றி. பிறகு நிறுத்தினான். அவன் முகம் மாறியது.

"குயா நெஸ்டோர், அண்ணே. மேஜையைத் தட்டறது யாரு?"

நெஸ்டோரின் கைகள் விசைப்பலகை மேல் இருந்தன. பின்னால் நின்ற டெலியாவின் கைகள் ஜெபமாலையில். இஸ்காவின் கைகள் மடியில்.

"அது மோதிரச் சத்தம்," என்றான் அர்னெல். "அப்பாவோட மோதிரம்."

நெஸ்டோர் மகளின் தோளைப் பிடித்துத் திரையைக் காட்டினான். "வந்துருச்சு இஸ்கா. இதோ பாரு, மாமா வந்துட்டாரு. தாத்தாகிட்ட சொல்லு. வந்துருச்சுன்னு சொல்லு."

இஸ்கா திரையைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, பக்கத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து பார்த்துக் கேட்டுக்கொண்டாள்.

"உனக்கு வந்திருக்குப்பா," என்றாள். "தாத்தாவுக்கு இன்னும் வரல. கறுப்பாவேதான் இருக்காம்."

நெஸ்டோர் கணினியை அணைத்தான்.

அணைந்த கண்ணாடியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இஸ்கா. ஒரு பக்கம் நெஸ்டோர், மறுபக்கம் வெள்ளைச் சட்டை. அவள் விரல்கள் மெல்ல மேஜையைத் தட்டத் தொடங்கின.