அரைத்தால் குழவி

அமீரகத்தில், அல் ஐனில் அண்ணன் தங்கியிருந்த பழைய வில்லாவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, வெள்ளிக்கிழமை ஜெபம் முடியும் நேரம். அண்ணன் ஆசீர் டைல்ஸ் மேஸ்திரி. அவனோடு திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள். அவர்களில் ஞானதுரை பிரதர்தான் ஜெபம் நடத்துவார். அன்று அவர் சவுல் ராஜாவை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். ஒன்றுவிடாமல் அழி என்பது கட்டளை. சவுலோ கொழுத்த ஆடுகளைத் தப்பவிட்டு, பலி கொடுக்கத்தான் வைத்தேன் என்று சாக்குச் சொன்னானாம். ராஜ்யமே போயிற்று.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். காரணம் சமையலறையில் இருந்தது.

பின்புறம் குழாய் பதிக்கத் தோண்டியபோது ஒரு கருங்கல் அகப்பட்டிருக்கிறது. முழங்கை நீளம். ஒரு முனையில் தேய்ந்துபோன முகம்: இரண்டு குழி, கீழே அகன்ற வாய். உடைத்துப் பொடியாக்கிவிடச் சொல்லியிருந்தார் பிரதர். அண்ணனோ மிக்ஸியில் அரைத்த மீன் குழம்பை வாயில் வைக்காத ஆள். சைட்டில் மிஞ்சிய மார்பிள் பலகையை அம்மியாக்கி, அந்தக் கல்லைக் குழவியாக்கிக்கொண்டான்.

“உடைக்கச் சொன்னாருல்லாண்ணே?”

“கும்பிட்டாத்தாம்லே சிலை. அரைச்சா குழவி. வாயை மூடு.”

இந்தச் சாமர்த்தியம்தான் எங்கள் குடும்பத்துக்குச் சாபக்கேடு.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். லெந்து தவக்காலம் என்பதால் நான் மீன் தொடவில்லை. பெரிய சாமியார் வந்துவிட்டான் என்று கேலி செய்தார்கள். குப்பூஸ் ரொட்டியைப் பாலில்லாத கட்டஞ்சாயாவில் தொட்டுத் தின்றேன். குழம்பு பல்லில் நறநறக்கிறதே என்றார் பிரதர். சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

அப்போது சமையலறையில் அரைக்கும் சத்தம் கேட்டது.

ஐந்து பேரும் என் எதிரில்தான் இருந்தார்கள்.

கல் மெதுவாக உருண்டது. நின்றது. மறுபடி உருண்டது. மசாலா வாசனை போய் ரத்தக் கவிச்சு வந்தது. வெளியே மத்தியான வெயில் கொளுத்தியது. அறைக்குள் மட்டும் இருட்டிக்கொண்டே வந்தது. ஐவரும் எச்சில் கையோடு எழுந்து சமையலறையைப் பார்த்து மண்டியிட்டார்கள். பிரதரும்தான்.

அண்ணன் உள்ளே போய்க் கல்லோடு வந்தான்.

முதல் அடி பிரதரின் நெற்றியில் விழுந்தது.

மற்ற மூவரும் அவர் தோளை ஆதரவாகப் பிடித்துக்கொண்டார்கள். அவர் கத்தவில்லை. ஒவ்வொரு அடிக்கும் முகத்தை நிமிர்த்திக் கொடுத்தார், கொடுக்க முகம் இருந்தவரை.  அண்ணனின் இடுப்பைக் கட்டி இழுத்தேன். என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவன் என்னைச் சுவரில் வீசினான்.

“அது சொல்லுதுலே,” என்று கிசுகிசுத்தான். “சொன்னாக் கேக்கணும்லா?”

ஜென்மத்தில் யார் பேச்சையும் கேட்காதவன் அவன்.

அடுத்த ஆள் தானாகவே முன்னால் வந்து தலையைச் சாய்த்தான். வரிசை முடிந்ததும் அண்ணன் தன் தலையையே உடைத்துக்கொள்வான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூலையில் கிடந்த சம்மட்டியை எடுத்தேன். அவன் கையிலிருந்த கல்லை ஓங்கி அடித்தேன். கீழே விழுந்த கல்லின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தான்.

“கையை எடுண்ணே!”

எடுக்கவில்லை.

விரல்களோடு சேர்த்து அடித்தேன். கல் பிளந்தது. அண்ணன் கையைச் சுருட்டிக்கொண்டு ஊளையிட்டான். நான் விடவில்லை. பொடியாகும்வரை அடித்தேன். சாம்பல் நிறத் தூசி மூக்கிலும் தொண்டையிலும் அப்பியது. வெளிச்சம் திரும்பியது. மண்டியிட்டிருந்தவர்கள் பிரதரைப் பார்த்து அலறத் தொடங்கினார்கள்.

இப்போது அண்ணன் சிறையில் இருக்கிறான். உயிரோடாவது இருக்கிறானே என்று கர்த்தருக்கு நன்றி சொல்லிக்கொண்டு நேற்று பார்க்கப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கட்டுப்போட்ட கையோடு குலுங்கி அழுதான்.

“அவரு சொன்ன அன்னைக்கே உடைச்சிருக்கலாம்லே தம்பி.”

 அழாதே அண்ணே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“மண்டி போடு” என்றது என் வாய்.

அண்ணன் மண்டியிட்டான். அவன் பக்கத்தில் நின்ற, ஒரு சொல் தமிழ் தெரியாத காவலரும் மண்டியிட்டார்.