பங்குக் கிணறு

கிணற்றடிச் சீமெந்தில் பாதி மட்டும் நனைந்திருந்தது.

புரட்டாதி வெயில் மதிலையும் முற்றத்தையும் ஒன்றாகப் போட்டு வறுத்துக்கொண்டிருந்த மத்தியானம். கொடியில் உடுப்பு எடுக்க வந்த உதயகலா, கையில் அப்பாவின் சாரத்தோடு அப்படியே நின்று பார்த்தாள். யாரோ நூல் பிடித்துக் கோடு போட்டதுபோலக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் முழுக்க ஈரம். இந்தப் பக்கம் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. ஒரு சொட்டுக்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. தண்ணீர்த் தாங்கி நிரப்ப மோட்டர் போட்டது விடியற்காலையில். வாளி போட்டு அள்ளலாமென்றால் அந்தக் கிணற்றில் கப்பியும் இல்லை, கயிறும் இல்லை.

மோட்டர்க் குழாய் எங்காவது கசிந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். குழாய் காய்ந்த பக்கத்தால்தான் வருகிறது என்பது சாரத்தை மடித்து வைத்த பிறகே நினைவுக்கு வந்தது.

புதுவீட்டுக் குடிபூரல் முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. சுண்டுக்குளியில், டொக்டர்மாரும் சட்டத்தரணிகளும் இருக்கிற ஒழுங்கையில், நூறு வயது தாண்டிய பெரிய வீடு. ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு சுவர்; எந்த அறைக்குள் போனாலும் பழஞ்சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் கலந்த மணம். இப்படி ஒரு வீட்டில் இருக்கவேண்டுமென்று அவளுக்கு ஆசை எதுவும் இருந்ததில்லை. எல்லாம் அப்பாவுக்காக. கொடிகாமத்தில் நாற்பது வருடம் தேங்காய் வியாபாரம் செய்த நடராசாவுக்கு மாசியில் பாரிசவாதம் வந்து, வலப்பக்கமும் பேச்சும் ஒரே காலையில் போய்விட்டன. கிழமைக்கு மூன்று தடவை ஓட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து போவதற்குள் மனிதர் பாதியாகிவிடுவார். ஆஸ்பத்திரிக்குக் கிட்ட வீடு என்றதும் அவள் தென்னங்காணியையும் பிறந்த வீட்டையும் விற்றுவிட்டாள். திரும்பிப் போக இனி இடமில்லை. அம்மாவும் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. அப்பாவின் மிச்சப் பாதியையாவது காப்பாற்றவேண்டும், அவ்வளவுதான்.

காணி உறுதிப் பத்திரத்தை வாசித்தபோது நொத்தாரிசு ஓரிடத்தில் இழுத்தார்தான். இந்தக் காணிக்குக் கிணற்றில் அரைப்பங்கு. மற்ற அரைப்பங்கும் கிணற்றுக்கு வந்துபோகும் வழியும் பின்காணிக்கு. யாழ்ப்பாணத்து உறுதி எதில்தான் அந்த வரி இல்லை? பின்காணியில் வீடே இல்லை, புதர் மண்டிய பத்தை. அவள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் சத்தம் கேட்டது. கிணற்றடியைப் பார்த்த பின்னறையில் அப்பாவுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள். முதலில் கப்பி கிறீச்சிட்டு உருண்டது. பிறகு நனைந்த கயிறு கைமாறிக் கைமாறி இழுபடும் சரசரப்பு, வாளி சுவரில் இடிக்கும் தகரச் சத்தம், ஒரு சின்ன ஓய்வு, அதன்பின் தலையிலிருந்து மொத்தமாகத் தண்ணீர் விழும் சத்தம். கூடவே யன்னலால், அவித்த சீயாக்காயும் தேசிக்காயும் சேர்ந்த முழுக்கு மணம் வந்தது. அவள் யன்னலுக்குப் போவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. வெயிலும் கிணறும் மட்டும்தான். அந்தப் பாதி நனைந்திருந்தது.

திரும்பியபோது அப்பாவின் இடக்கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது.

"பின்மதிலிலை ஒரு சின்னப் படலை இருக்கெல்லோ, அதாலை ஆரோ வந்து முழுகீனம்," என்று கொழும்பில் வேலைசெய்யும் கணவன் சிவகரனுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னாள்.

"பின்னாலை வெறும் பத்தை, கலா. ஆர் வரப்போகினம்?"

"ஆரோ வருகினம்."

"அப்ப படலையைக் கல்லாலை கட்டிப்போட்டு, கிணத்துக்கும் கொங்கிறீட் போட்டு மூடு. மோட்டர்க் குழாய்க்கு ஓட்டை விட்டாக் காணும்."

குருநகரிலிருந்து கனிசியஸ் என்ற மேசன் வந்தார். படலையைக் கட்டி முடித்தவர், கிணற்றுக்குக் கம்பி பரப்பும்போது நிமிர்ந்தார்.

"தங்கச்சி, இது பங்குக் கிணறெல்லோ. மற்றப் பங்குக்காரரைக் கேட்டனீங்களோ?"

"அவை தொண்ணூற்றைஞ்சு சண்டை இடப்பெயர்வோடை போனவையாம் அண்ணை. பிறகு ஒருத்தரும் வரேல்லை."

"எல்லாரும் போகேல்லை. அருமைநாயகி எண்டு ஒரு மனிசி, இந்தத் தண்ணியை விட்டிட்டு எங்கை போறதெண்டு நிண்டிட்டா. சனம் திரும்பி வரேக்கை வீடும் இல்லை, அவவும் இல்லை." அவர் சீமெந்தைக் குழைத்தார். "சொன்ன வேலையைச் செய்வன். சொல்லிப்போட்டன், அவ்வளவுதான்."

மூடுங்கள் என்றாள் உதயகலா. அவள்தான் சொன்னாள்.

இரண்டு மத்தியானங்கள் சத்தமில்லாமல் போயின. அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. முப்பத்தெட்டு வயதில், கிணற்றுக்குப் பயந்து மேசன் பிடித்தவள் என்று சிவகரன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கப்போகிறான்.

மூன்றாம் நாள் அப்பாவின் வலக்கைச் சின்னவிரல் அசைந்தது.

ஏழு மாதமாக மரக்கட்டையாய்க் கிடந்த கை. அவள் கட்டிலடியில் குந்தியிருந்து விக்கி விக்கி அழுதாள். வீடியோ எடுத்து சிவகரனுக்கு அனுப்பினாள். பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் தர்சிகா என்ற பெண், விரல்களை மடித்தும் நீட்டியும் பார்த்துவிட்டு, "இவ்வளவு கெதியா வந்ததை நான் காணேல்லை அக்கா," என்றாள். அடுத்த நாள் மணிக்கட்டு, அதற்கடுத்த நாள் முழங்கை. தொங்கிக் கிடந்த வாயின் வலக்கோடியும் மெல்ல மேலே ஏறியது. அப்பாவின் இடக்கண்ணிலிருந்து கண்ணீர் நிற்காமல் வழிந்தது. ஆனந்தம் என்று நினைத்து அவள் துடைத்துத் துடைத்து விட்டாள். வலக்கண் காய்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கஞ்சிக் கோப்பையோடு வந்தவள் வாசலில் நின்றுவிட்டாள்.

அந்தக் கை வேலை செய்துகொண்டிருந்தது. மேலே எட்டியது. எதையோ இறுக்கிப் பிடித்தது. நெஞ்சுவரை இழுத்தது. விட்டது. மறுபடியும் மேலே எட்டியது. அவசரமில்லாத, ஆயிரம் தடவை செய்து பழகிய இழுப்பு.

அது அப்பாவின் இழுப்பில்லை; கிணற்றடியில் பழகிய ஒரு பெண்ணின் இழுப்பு.

கோப்பையை எங்கே வைத்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கிட்டப் போனாள். உள்ளங்கையில் கயிறு அறுத்த செந்தழும்பு. நீர் சொட்டியது. கட்டில் விரிப்பு நடுவால் பிரிந்திருந்தது: வலப்பாதி தெப்பமாய் நனைந்து, இடப்பாதி காய்ந்தபடி. தலைமயிரும் அப்படித்தான். வகிட்டுக்கு அந்தப் பக்கம் நனைந்து படிந்திருந்தது. சீயாக்காய் மணத்தது.

அருமைநாயகிக்குக் கிணற்றில் இருந்த அரைப்பங்கை உதயகலா மூடிவிட்டாள். அந்த அரைப்பங்கு இங்கே, அப்பாவின் உடம்புக்கு வந்துவிட்டது. இது அவளுக்கு உடனே விளங்கியது. விளங்காமல் இருந்திருந்தால் நல்லது.

ஃபோனை எடுத்தாள். மேசனின் பெயரைத் தேடி அழுத்தினாள்.

"கனிசியஸ் அண்ணை, கிணத்தை உடைக்கவேணும். இப்பவே."

"பெறாமகளின்ரை கலியாணம், கோயிலிலை நிக்கிறன் தங்கச்சி. பின்னேரம் வாறன்."

"பின்னேரம் பிந்தியிடும்."

"ஏன், என்ன நடந்தது?"

அதை எப்படிச் சொல்வது? அவள் ஃபோனைப் போட்டுவிட்டு, கட்டிலின் இடப்பக்கம் போய் முழந்தாளிட்டு, அப்பாவின் இடக்கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். சூடாக இருந்தது. அது அப்பாவின் கை. தேங்காய் உரித்துக் காய்த்த கை. அது திருப்பி இறுக்கியது, எலும்பு நோகும்படி.

"விடமாட்டன் அப்பா. பின்னேரம் வரைக்கும் பிடிச்சுக்கொண்டு இருப்பன்."

இடக்கண் அவளைப் பார்த்தது. வலக்கண் கூரையைப் பார்த்தது.

வலக்கை இழுத்தது. இழுத்தது. இன்னொரு தடவை.

நின்றது.

வாளி மேலே வந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்தது. தூக்கி ஊற்ற இரண்டு கை வேண்டும்; மற்றக் கை அவள் பிடியில் இருந்தது.

வலக்கை மெல்ல இறங்கி நெஞ்சில் அமர்ந்தது. அங்கிருந்து நகர்ந்தது. காய்ந்த பாதிக்கு வந்தது. வந்த வழியெல்லாம் ஈரம். அவர்களின் மூன்று கைகளும் சேர்ந்திருந்த இடத்தில், கிணற்றாழத்துக் குளிரோடு, அவள் கைமேல் படிந்தது.

அவள் இன்னும் இறுக்கினாள். அப்பாவும் இறுக்கினார்.

வாயின் வலக்கோடி சிரித்தது. வலக்கை அவளுடைய சின்னவிரலைத் தேடிப் பிடித்து, சின்னப் பிள்ளையிடமிருந்து சாமானை வாங்குகிற பக்குவத்தில், நோகாமல் விரித்தது. பிறகு அடுத்த விரல். அப்பாவின் இடக்கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அடுத்தது.