நீலப்பூனை ஏலம் கேட்டது

வாலு சில நாட்களாகவே அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"தட்டுல என்னடி, சினிமாவா ஓடுது? கொஞ்சம் நிமிர்ந்துதான் பாரேன்" என்றாள் அம்மா.

வாலு நிமிரவில்லை. நிமிர்ந்தால் அம்மாவின் கைகள் கண்ணில் படும். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போன கைகள்.

வாலு என்பது பட்டப்பெயர்தான். பள்ளிக்கூடத்தில் நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

கீழே அப்பாவின் சலூன். மாடியில் வீடு. சலூனுக்கு வருகிறவர்களின் கழுத்தில் ஆளுக்கொரு துண்டு போர்த்துவார் அப்பா. "ஒருத்தர் துண்டை இன்னொருத்தருக்குப் போட்டா அது சலூன் இல்லை, சத்திரம்" என்று பெருமையடித்துக்கொள்வார். பெருமை அவருக்கு, துவைப்பது அம்மா. ஞாயிற்றுக்கிழமை ஆனால் துண்டுகள் மலைபோலக் குவிந்துவிடும். குனிந்து துவைத்துவிட்டு நிமிரும்போது, அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரிடம் ஏதோ சொல்லுவாள். அது நல்ல வார்த்தை இல்லை என்பது மட்டும் வாலுவுக்குத் தெரியும்.

அப்படி ஒருநாள்தான் அம்மாவின் போனில் அந்த விளம்பரம் வந்தது.

'வாஷிங் மெஷின்! சோப்புக் கட்டி விலையில்! இன்றே ஏலம் கேளுங்கள்!'

வாலு கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி படித்தாள். சோப்புக் கட்டி விலையேதான்.

விளையாட்டு சுலபமாக இருந்தது. 'கேள்' என்று ஒரு பச்சைப் பொத்தான். அதை அழுத்தினால் மெஷினின் விலை ஒரே ஒரு காசு ஏறும். உடனே கடிகாரம் பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கும். பூஜ்யம் வருவதற்குள் வேறு யாரும் அழுத்தாவிட்டால் மெஷின் நமக்கு. யாராவது அழுத்திவிட்டால் மறுபடி பத்திலிருந்து.

ஒரு தடவை அழுத்த ஒரு டோக்கன் வேண்டும். முதலில் கொஞ்சம் டோக்கன் இலவசம். வாலு தனக்கு 'நீலப்பூனை' என்று பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இலவசம் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோனது.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று. இரண்டு. 'டோக்கன் வாங்கு' என்ற பொத்தான் கண் சிமிட்டியது.

அம்மா போனின் ரகசிய எண் வாலுவுக்குத் தெரியும். வாலுவின் பிறந்தநாள்தான் அது.

வாங்கினாள். தீர்ந்தது. இன்னும் வாங்கினாள். 'இவ்வளவு போட்டுட்டு இப்ப விட்டா நஷ்டம்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடியும் வாங்கினாள். எதிரே 'ராக்கெட்' என்று ஒருவன். நீலப்பூனை அழுத்தினால் ராக்கெட் அழுத்துவான். ராக்கெட் அழுத்தினால் நீலப்பூனை. கடைசியில் 'சூறாவளி' என்று எவனோ வந்து மெஷினைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

டோக்கனுக்குப் போன காசு? போனது போனதுதான். தோற்றவர்களுக்கு எதுவும் திரும்ப வராது என்று அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. எறும்பு எழுத்தை வாலு தோற்ற பிறகுதான் படித்தாள்.

அன்றிலிருந்துதான் நிமிர முடியவில்லை. ஜெயித்து மெஷினைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், அப்புறம் நிமிர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அடுத்த மெஷின் ஏலத்துக்கு வந்தது. வாலு மாடி அறையின் மூலையில் உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருந்தாள். எதிரே மறுபடியும் அதே ராக்கெட்!

"வாலு! கீழே துண்டு தீர்ந்துபோச்சாம். கொண்டுபோய்க் கொடு!" என்று அம்மா கத்தினாள்.

வாலு துண்டுகளை அள்ளி, நடுவில் போனை ஒளித்துக்கொண்டு இறங்கினாள். படிக்கட்டில் நின்று ஒரு தடவை அழுத்திவிட்டு சலூனுக்குள் நுழைந்தாள்.

"பார்த்தீங்களா! மறுபடியும் அந்த நீலப்பூனை!" என்று உள்ளேயிருந்து அப்பா அலறினார்.

வாலு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

நாற்காலியில் பஸ் டிரைவர் சாய்ந்திருந்தார். ஒரு கன்னம் வழவழவென்று இருந்தது. இன்னொரு கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்குக் கீழே பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போனை, அப்பா நுரை விரலால் டொக்கென்று குத்தினார்.

"யாருண்ணே அந்தப் பூனை?" என்றார் டிரைவர்.

"எவனோ வேலைவெட்டி இல்லாதவன். போன தடவையும் இவன்தான் என்னைக் கெடுத்தான். கையில மட்டும் கிடைச்சான், மொட்டை அடிச்சு அனுப்பிடுவேன்!"

வாலுவின் ஒரு கை தானாகத் தலைமுடிக்குப் போனது. இன்னொரு கை பழக்கத்தில் துண்டுக்குள்ளேயே பொத்தானை அழுத்தியது.

"மெஷின் எதுக்குண்ணே உங்களுக்கு?"

அப்பா பதிலுக்கு மறுபடி குத்தினார். அவர் குரல் இறங்கியது. "வீட்டுக்காரிக்குத்தான். அவ கையைப் பார்த்தா எனக்கே வெக்கமா இருக்கு டிரைவர் சார். அவளுக்குத் தெரியாது. சொல்லாம கொண்டுவந்து வைக்கணும்னு இருக்கேன்."

காத்திருப்போர் பெஞ்சில் பல் டாக்டர் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் காய்கறிக் கடைக்காரர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

வாலு துண்டுகளை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக மடிக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே மடித்த துண்டுகள்தான். மனசு வேகமாகக் கணக்குப் போட்டது. 'நான் அழுத்துறதை நிறுத்திட்டா போதும். அப்பா ஜெயிச்சுடுவார். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.'

நிறுத்தினாள்.

ஐந்து. நான்கு. மூன்று.

"பூனை ஓடிப்போச்சு!" அப்பா கத்தியோடு குதித்தார். டிரைவர் நாற்காலியில் ஒரு அடி பின்வாங்கினார்.

இரண்டு. ஒன்று.

'மின்னல்' என்று புதிதாக ஒரு பெயர் வந்தது. கடிகாரம் மறுபடி பத்து.

அப்பா அழுத்தினார். ஒன்று வரும்வரை காத்திருந்து மின்னல் அழுத்தினான். அப்பா, மின்னல், அப்பா, மின்னல். அப்பாவின் டோக்கன் தீர்ந்தது.

"சரி, நாற்காலி கிழிசலைத் தைக்க வெச்சிருந்ததைப் போட்டுடுவோம்" என்று அப்பா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு போட்டுட்டு இப்ப விட்டா நஷ்டம்."

வாலுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவளுடைய வார்த்தை. அப்படியே, ஒரு எழுத்து மாறாமல்.

"அப்பா, வாங்காதீங்க."

"இரு கண்ணு, முக்கியமான நேரம்..."

"அப்பா, அந்த நீலப்பூனை நான்தான்."

பல் டாக்டரின் பேப்பர் கொஞ்சம் கீழே இறங்கியது.

வாலு துண்டுகளுக்கு நடுவிலிருந்து போனை எடுத்துக் காட்டினாள். "அம்மா போன். அம்மா காசு. கேட்காம எடுத்தேன்."

அப்பா அவளைப் பார்த்தார். தன் போனைப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் தன்னையே பார்த்தார். அங்கே, காதுவரை சிவந்துபோய் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார்.

"அப்போ... போன தடவை நான் அழுத்தினதெல்லாம்..."

"எனக்கு எதிரா. நான் அழுத்தினது உங்களுக்கு எதிரா. ரெண்டு பக்கமும் நம்ம வீட்டுக் காசுதான்பா போச்சு."

"ஆனா விலை சோப்புக் கட்டி விலைதானே போட்டிருக்கான்?"

"மெஷினுக்குத்தான் அந்த விலை. ஒரு தடவை அழுத்தினா மெஷின் விலை ஒரு காசுதான் ஏறுது. ஆனா ஒரு டோக்கன் என்ன விலை? தோத்தவங்க எல்லாரும் டோக்கன் வாங்கித்தானே தோத்தாங்க? அந்தக் காசுல ஏலம் நடத்துறவங்க ஒரு கடை நிறைய மெஷின் வாங்கலாம்பா."

"ஆமா, அந்த மின்னல் யாரு? நிஜ ஆளுதானா?" என்றார் டிரைவர்.

"தெரியல அங்கிள். நிஜமா இருந்தா அவங்க வீட்டுலயும் நம்மள மாதிரி யாரோ உட்கார்ந்திருக்காங்க. நிஜம் இல்லன்னா, ஏலம் நடத்துறவங்களே ஒரு பொய்ப்பேர் வெச்சு..."

அவள் முடிக்கவில்லை. முடிக்காமலே எல்லாருக்கும் புரிந்தது.

போனில் மின்னல் ஜெயித்து, அடுத்த ஏலம் தொடங்கியிருந்தது. அப்பாவின் விரல் இன்னும் 'டோக்கன் வாங்கு' பொத்தானின் மேலேயே நின்றது. "இன்னும் ஒரே ஒரு தடவை மட்டும்..."

"நானும் ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொன்னேன்பா."

அப்பா விரலை எடுத்தார். போனைக் கவிழ்த்து வைத்தார்.

"சரி" என்று கிசுகிசுத்தார். "இது நமக்குள்ள இருக்கட்டும். அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

"தெரியணும்பா. எனக்குச் சாப்பாடே இறங்கல."

"அப்ப நீ போய்ச் சொல்லு."

"நீங்களும் வாங்க."

"கடையில ஆள் இருக்கே..."

"பரவால்லண்ணே, போய்ட்டு வாங்க. என் கன்னம் எங்கேயும் ஓடிடாது" என்றார் டிரைவர்.

இருவரும் மாடிக்குப் போனார்கள். அப்பா படிக்கட்டில் வாலுவை முன்னால் விட்டார். வாலு நின்று அப்பாவை முன்னால் விட்டாள். கடைசியில் இருவரும் ஒன்றாகக் கதவில் இடித்துக்கொண்டு நுழைந்தார்கள்.

அம்மா தொட்டியின் முன்னால் குனிந்திருந்தாள். வாலு தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா தன் பங்கைச் சொன்னார். அம்மா கையிலிருந்த துண்டை முறுக்கினாள். இன்னும் முறுக்கினாள்.

"அது என் கழுத்துன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா" என்று அப்பா வாலுவின் காதில் சொன்னார். வாலுவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"என் போனை எடுத்து நீ என்ன பண்றேன்னு நான் பார்த்ததே இல்லை" என்றாள் அம்மா. "ஏன் தெரியுமா?"

"ஏன்மா?"

"நீ எடுத்தா பார்க்க வேண்டியதில்லைன்னு நினைச்சேன்."

அம்மா திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது வாலுவுக்கு. கன்னத்தில் சூடாக ஏதோ ஓடியது.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றாள்.

அம்மா அப்பாவிடம் திரும்பினாள். "உங்களுக்கு இந்த ஏலத்தை யார் சொன்னது?"

"விளம்பரம்தான். நான்தான் அப்புறம்..." அப்பா தலையைச் சொறிந்தார். "கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் நான்தான் சொன்னேன். நல்ல ஏலம், சேர்ந்துக்கங்கன்னு."

வாலு சட்டென்று நிமிர்ந்தாள். "அப்ப அவங்களும் இப்போ அழுத்திக்கிட்டு இருப்பாங்களாப்பா?"

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

வாலு மடமடவென்று படிகளில் இறங்கினாள். சலூன் நடுவில் வந்து நின்ற பிறகுதான் பயம் வந்தது. பெஞ்சில் இப்போது இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனால் குனிந்துகொண்டு பேசினால் யாருக்கும் கேட்காது.

"அப்பா சொன்ன அந்த ஏலத்துல யாரும் காசு போடாதீங்க. நான் அம்மா காசைத் தொலைச்சிட்டேன். அப்பா நாற்காலிக் காசைத் தொலைக்கப் பார்த்தார். நாங்க ரெண்டு பேரும் எங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கிட்டோம். வெளியில சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. சொல்லாட்டி நீங்களும் போடுவீங்க. அதான்."

பின்னாலேயே வந்த அப்பா அவள் தோளில் கையை வைத்தார். "ராக்கெட் நான்தான். உங்களை இழுத்துவிட்டதும் நான்தான். மன்னிச்சிடுங்க."

பிறகு காய்கறிக் கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு சைக்கிள்" என்றார். "பையனுக்கு. வீட்டுல சொல்லல."

"எனக்கு டீவி" என்றார் புதிதாக வந்தவர்களில் ஒருவர்.

எல்லாரும் பல் டாக்டரைப் பார்த்தார்கள். ஊரெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லுகிறவர், தன் வாயை மட்டும் இறுக மூடிக்கொண்டிருந்தார். பேப்பர் அவர் கையில் படபடத்தது.

"டாக்டர்?" என்றார் அப்பா.

"ஒரு மிக்ஸி" என்றார் டாக்டர், பேப்பருக்குப் பின்னாலிருந்து. "அதுக்குப் போட்ட காசுல பத்து மிக்ஸி வாங்கியிருக்கலாம். நான்தான் சூறாவளின்னு நினைச்சுடாதீங்க. நான் ஒண்ணுமே ஜெயிக்கல."

முதலில் டிரைவர்தான் சிரித்தார். நுரை பறந்தது. பிறகு ஒவ்வொருவராகச் சிரித்தார்கள். தொலைத்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. கொஞ்சம் அசடு வழிந்தது, ஆனாலும் லேசாக இருந்தது. ஆளுக்கு ஆள் போனை எடுத்து அந்த ஏலச் செயலியை அழிக்க ஆரம்பித்தார்கள். டாக்டருக்கு அழிக்கத் தெரியவில்லை. வாலுதான் அழித்துக்கொடுத்தாள்.

திரும்பிப் பார்த்தபோது படிக்கட்டில் அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. கையில் ஈரத் துண்டு சொட்டிக்கொண்டிருந்தது.

வாலு போனை இரண்டு கைகளாலும் நீட்டினாள். அம்மா வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மாடிக்கு வா" என்றாள்.

வாலு பின்னாலேயே போனாள். அம்மா ஈரத் துண்டின் ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மறுமுனையை அவள் பக்கம் போட்டாள்.

"நீ அந்தப் பக்கம் திருப்பு. நான் இந்தப் பக்கம். இறுக்கிப் பிடி."

வாலு பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். தண்ணீர் அவள் காலில்தான் கொட்டியது. அவள் நகரவில்லை.

"அடுத்த துண்டு" என்றாள் அம்மா.