வெள்ளைக் கட்டத்தை ஒட்டிய அறை

சாமான் வைக்கிற அறைக்கு எதற்குப் பால்கனி? கப்பலேறி ஒரு மணி நேரம்கூட ஆகாத நிலையில் அவளை உறுத்திய கேள்வி இதுதான். பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, கணவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து பால்கனி நாற்காலியில் உட்காரவைத்து, அவர் மடியில் ஒரு துண்டைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் இடப்பக்கத் தடுப்பைக் கவனித்தாள். ஆளுயரத்தைத் தாண்டிய வெள்ளைத் தகடு. ஓரத்தில் மூன்று கீல்கள். நடுவே ஒரு சின்ன வட்டப் பூட்டு, அதில் ஸ்பூன் காம்பு நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம். வலப்பக்கத் தடுப்பிலும் இதே ஏற்பாடு இருந்தது. அது நியாயம். அந்தப் பக்கம் ஒரு குடும்பம் தங்கியிருந்தது, வேண்டுமானால் இரண்டு பால்கனிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். இடப்பக்கம் யாரும் கிடையாது. கிடையாது என்பதற்காகத்தானே இந்த அறையையே பிடித்தாள்.

அறை பிடித்தது மூன்று வாரக் கதை. ஒரு கட்டட இன்ஜினியரிடம் முப்பது வருஷம் வரைபடம் போட்டவள் அவள். கப்பலின் மாடிப் படங்களை அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஸ்கேலும் சிவப்புப் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டாள். நீச்சல் குளத்துக்குக் கீழே கூடாது, விடியும் முன்பே நாற்காலிகளை இழுப்பார்கள். சமையல்கூடத்துக்கு மேலே கூடாது. லிஃப்டுக்குப் பக்கம் ஆகவே ஆகாது. முன்பக்கம் தூக்கிப் போடும், பின்பக்கம் இன்ஜின் அதிரும். இரண்டு அறைகளுக்கு நடுவே உள்கதவு இருந்தால் பக்கத்து அறைக் குறட்டை நம் தலையணைக்கு வந்துவிடும். மேலேயும் கீழேயும் தூங்குகிறவர்களின் அறைகளே இருக்க வேண்டும்.

"எங்க அண்ணனுக்கு ரூம் பாக்குறீங்களா, பொண்ணு பாக்குறீங்களா அண்ணி?" என்று நாத்தனார்கூடக் கேலி செய்தாள்.

கடைசியில் எட்டாவது மாடியில், கப்பலின் நட்டநடுவில் ஒன்று சிக்கியது. அதற்கு இடப்பக்கம் எண் போடாத ஒரு வெள்ளைக் கட்டம். அவள் தொழிலில் வெள்ளைக் கட்டத்துக்கு ஒரே அர்த்தம்தான். குழாய் இறங்கும் சந்து, துணி அலமாரி, ஒயர் போகும் பொந்து என்று, வீட்டுக்காரர் கேட்கத் தேவையில்லாத இடத்தையெல்லாம் எழுத்துப் போடாமல் வெள்ளையாக விட்டுவிடுவாள். அப்படி ஆயிரம் கட்டங்கள் போட்ட கைக்கு, அதற்குள் யாராவது இருக்கலாம் என்று தோன்ற வழியே இல்லை.

"நல்ல ரூம்மா," என்றாள் டிராவல்ஸ் ஆபீஸ் பெண். "ஒரு தடவை போனவங்க அடுத்த வருஷமும் இதையேதான் கேப்பாங்க. உங்க அதிர்ஷ்டம், இந்தத் தடவை காலியா இருக்கு."

இத்தனை பாடும் சத்தத்துக்குப் பயந்துதான். அவளுடைய கணவரை எல்லோரும் ஏலக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடாத கடிகாரத்தையும் கால் ஆடும் மேசையையும் வாயாலேயே விற்றுத் தள்ளியவர். வீட்டிலும் அந்த வாய் ஓயாது. எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவாள் என்பதால் அவளுக்கு 'ஸ்கேலு' என்று பெயர் வைத்து, கல்யாணமான மறுவாரத்திலிருந்து அப்படியே கூப்பிட்டவர். பதினான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. காலும் கையும் பாதி திரும்பின. பேச்சு திரும்பவில்லை. 'சரி', 'தண்ணி', 'வேணாம்' என்ற மூன்று சொற்களை வைத்துக் குடும்பம் ஓடியது. திடீர்ச் சத்தம் கேட்டால் அவையும் அடைத்துக்கொள்ளும். சத்தமில்லாத இடத்தில் பத்து நாள் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணவர் குரலில் இன்னும் ஒரே ஒரு தடவை 'ஸ்கேலு' என்று கேட்டுவிட வேண்டும். அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை, அதற்காக எதையும் கொடுக்கத் தயாராக இருந்தாள்.

அறையைச் சுத்தம் செய்ய வந்த பணியாளரிடம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

"அது எங்க துணி ரூம்மா. பெட்ஷீட், டவல் எல்லாம் அதுலதான் வெப்போம். பால்கனியெல்லாம் கிடையாது."

"அப்ப தடுப்புல எதுக்குப் பூட்டு?"

"எல்லாத்தையும் ஒரே மாதிரி செஞ்சு மாட்டியிருப்பாங்க. திறந்தா வெறும் சுவருதான் இருக்கும்."

அவர் துண்டு எடுக்கக் கதவைத் திறந்தபோது எட்டிப் பார்த்தாள். மரத்தட்டுகள், மடித்த துண்டுகள், சலவைப் பொடி வாசனை, அதற்கப்புறம் இரும்புச் சுவர். அவள் கண் தானாகவே அளந்தது. ஆறடி ஆழம். அவர்களுடைய அறையோ வாசலிலிருந்து பால்கனிக் கதவுவரை இருபத்திரண்டு அடி. மீதிப் பதினாறு அடிக்குக் கதவே இல்லை. குழாய்கள் போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதினாறு அடிக்குக் குழாயா என்று மனம் திருப்பிக் கேட்டது. ஊர் சுற்ற வந்த இடத்தில் என்ன தொழில் புத்தி என்று அதை அடக்கினாள்.

மறுநாள் முழுக்கக் கடல்தான். மதியம் மூன்று மணிக்குக் கப்பல் ஜனமே மேல்தளத்துக்குப் போய்விட்டது போலிருந்தது. தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் இல்லை. ஏசியின் மெல்லிய இரைச்சலும், கீழே எங்கோ தண்ணீர் கிழிபடும் சத்தமும், வெயிலில் சூடேறிய பெயிண்ட் வாசனையும், திரைச்சீலைக்கு அடியில் தரையில் விழுந்து மெதுவாக நகரும் வெளிச்சப் பட்டையும் மட்டும் இருந்தன. குளியலறையில் அவருடைய சட்டையை அலசிக்கொண்டிருந்தவள் சட்டென்று குழாயை மூடினாள். பால்கனியிலிருந்து பேச்சுச் சத்தம் வந்தது.

"கடிகாரம் ஓடலன்னு யாரு சொன்னா? அது நின்னு யோசிக்குது. நம்மள்ல எத்தனை பேரு நின்னு யோசிக்கிறோம்?"

ஏலக்காரர் பேசினார். வேறு யாருமில்லை, அவர்தான். அந்த இழுப்பு, சிரிப்பை அடக்கும்போது வரும் அந்தக் கரகரப்பு. ஈரக் கையோடு ஓடிவந்தவள் திரைச்சீலைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். போனால் நின்றுவிடுமோ என்று பயம். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, ஒரு மணி நேரம் கேட்டாள். பாதி அழுகையும் பாதி சிரிப்புமாக, கன்னம் வலிக்கிற வரைக்கும் கேட்டாள்.

பேச்சு ஓய்ந்ததும் போய்ப் பார்த்தாள். அவர் இடப்பக்கத் தடுப்பை ஒட்டி நாற்காலியை நகர்த்தியிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. "பேசினீங்களா? என்கிட்டயும் ரெண்டு வார்த்தை பேசுங்க," என்றாள். அவர் உதட்டைக் கூட்டினார், பிரித்தார், மறுபடியும் கூட்டினார். ஒன்றும் வராமல் மேசையில் இருந்த தம்ளரை விரலால் காட்டினார். 'தண்ணி' என்ற சொல் போயிருந்தது.

அடைத்துக்கொண்டது, நாளைக்கு வந்துவிடும் என்று தேற்றிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மதியமும் அதே நேரம், அதே வெயில். திரைச்சீலையில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டு வைத்திருந்தாள். குரல் தொடங்கியதும் அதன் வழியே பார்த்தாள். அவர் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. அவர்களுடைய கல்யாணத்தன்று மழையில் நனைந்த கதையை அந்தக் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. குடை வாங்கப் போன மாமா, குடையை மறந்து திரும்பி வந்த கதை. ஒரு வார்த்தை பிசகவில்லை.

அவருடைய வாய் மூடியிருந்தது.

குரல் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர் உடம்பு ஒரு தரம் குலுங்கியது, யாரோ உள்ளேயிருந்து எதையோ உருவுவது போல. அவர் கண்கள் இந்தப் பக்கம் திரும்பின. திரைச்சீலை இடைவெளியில் அவளைக் கண்டுகொண்டன. கெஞ்சின.

அவள் அப்போதே அவரை உள்ளே இழுத்திருக்க வேண்டும். கதவைச் சாத்தியிருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மாமா குடையில்லாமல் வந்து நின்ற இடத்துக்குக் கதை வந்திருந்தது. அதற்கடுத்து அவர் சொல்லும் ஒரு கேலி உண்டு. அதைக் கேட்டு எத்தனை காலமாயிற்று. அதை மட்டும் கேட்டுவிட்டுப் போகலாம் என்று நின்றாள். கேலி வந்தது. சிரித்துவிட்டாள்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. பிறகு மிக மெல்ல, மிகச் செல்லமாக:

"ஸ்கேலு?"

அன்று மாலை அவருக்கு 'சரி'யும் வரவில்லை. அறையை மாற்றித் தரும்படி பணியாளரிடம் கேட்க வாசல்வரை போனாள். வாசலில் அந்தப் பணியாளரே நின்றிருந்தார்.

"எல்லாம் வசதியா இருக்காம்மா?"

"இருக்குப்பா," என்றாள் அவள். அந்தப் பதில் தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இரவெல்லாம் கூசிப்போய்க் கிடந்தாள்.

நான்காம் நாள். மதியம் மூன்று.

அவள் திரைக்குப் பின்னால் ஒளியவில்லை. டீத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடல் அசையவில்லை. காற்று இல்லை. தடுப்பின் வெள்ளைத் தகட்டில் உள்ளங்கை வைத்தாள். வெயில் படாத தகடு. வெதுவெதுவென்றிருந்தது.

"ஸ்கேலு, திறடி."

அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். நல்ல கையால், இருந்த பலத்தையெல்லாம் கூட்டி. தலையை ஆட்டினார். வாயைத் திறந்தார். கடைசியாக மிஞ்சியிருந்த ஒரு சொல்லுக்கு அவர் தொண்டை ஏறி இறங்குவதை அவள் பார்த்தாள்.

"வேணாம்," என்றது தடுப்புக்கு அந்தப் பக்கம். பிறகு சிரித்தது. அவருடைய சிரிப்பு.

"இங்கயே இருக்கேன். எவ்வளவு நாள்தான் சுவரோட பேசுவ? ஒரு தரம்."

ஸ்பூன் அவள் கையில் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

"ரெண்டு தரம்."

பள்ளத்தில் காம்பு சரியாக உட்கார்ந்தது. மணிக்கட்டில் அவர் நகம் பதிந்தது. வலித்தது. அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

திருகினாள்.

தடுப்பு சத்தமில்லாமல் திறந்தது. அந்தப் பக்கமும் ஒரு பால்கனி. அதே அகலம், அதே கம்பி. அறைக்குள் போகக் கதவு மட்டும் இல்லை, வெள்ளை இரும்புச் சுவர். நாற்காலிகள். ஆறு. எல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துப் போட்டிருந்தன. ஐந்தில் ஆட்கள். வயதானவர்கள். ஆண்கள் மூன்று பேர், பெண்கள் இரண்டு பேர். ஒருவர் தலையில் வெயில் தொப்பி. எல்லோரும் கைகளை மடியில் வைத்திருந்தார்கள். தோள்கள் ஏறி இறங்கின. மூச்சு இருந்தது. வேறு சத்தம் இல்லை.

ஆறாவது காலி.

தானாக எழுந்து நிற்க முடியாத மனுஷர் எழுந்தார். அவளைத் தாண்டிப் போனார். எதையோ தேடுகிறவராக இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு போனார். நாற்காலியில் உட்கார்ந்தார். தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். வாய் திறந்தது.

ஒன்றுமில்லை.

"ஸ்கேலு," என்றது அவளுக்குப் பின்னால், அறைக்குள்ளிருந்து, தெம்பாக, சந்தோஷமாக. "டீயைக் கொண்டு வாடி. ஆறிடப் போகுது."

இரண்டு எட்டு வைத்தால் அவரைத் தொட்டுவிடலாம். கையைப் பிடித்து இழுத்துவிடலாம். அவள் அவருடைய கண்களைப் பார்த்தாள். முப்பத்தாறு வருஷம் பார்த்த கண்கள். அவர் இனி ஒரு நாளும் பேசப் போவதில்லை.

தடுப்பைச் சாத்தினாள். ஸ்பூனைத் திருகினாள்.

உள்ளே இருட்டாக இருந்தது. கட்டிலின் அந்த ஓரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, அவருடைய நீலச் சட்டையில் ஓர் ஆள். குரல் அவிழ்த்துவிட்டது போலப் பாய்ந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவர் ஏலத்தில் தன் சொந்தக் குடையையே வாங்கிக்கொண்டு போன கதை. அவள் இதுவரை கேட்டதில்லை. டீயை வைத்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள். எதிரே அலங்கார மேசையின் கண்ணாடி. அதில் அவர் நெற்றி தெரிந்தது, மூக்கு தெரிந்தது. மூக்குக்குக் கீழே மோவாய் வரைக்கும் வெறும் தோல். பேச்சுக்கு ஏற்றபடி அந்தத் தோல் உள்ளேயிருந்து புடைத்துப் புடைத்து அமுங்கியது.

பால்கனிப் பக்கம் தகட்டில் ஓர் உள்ளங்கை அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது.

அவள் அந்தச் சத்தம் கேட்காதபடி கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.