தாகமே எடுக்காத பைகள்

"திருடினேன்னு சொல்லியிருந்தாக்கூடப் பொறுத்துக்குவேன் சார். எனக்கு வேலை தெரியலன்னு சொல்றாங்க!"

ஏற்றுமதிக் கிடங்கில் சரக்குப் பெட்டி கட்டுகிறவள் அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கப்பலில் போன இயந்திர உதிரிகள் துருப்பிடித்ததால், அக்கரைச் சுங்கத்தார் உறையைக் கிழித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெட்டி வந்து இறங்கிய அன்றே அவளை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். இன்று மாலை வேலையும் போகிறது.

"கிடங்கு மேலாளர் யாரும்மா?" என்றார் துப்பறிவாளர்.

"முதலாளியோட மச்சான்."

அவர், துணைக்கு வந்திருந்த தன் தங்கையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மச்சான் என்ற ஒரே தகுதியில் நாற்காலியைத் தேய்ப்பவர்களை அவருக்குக் கண்டாலே ஆகாது.

அவளையும் கூட்டிக்கொண்டு கிடங்குக்குள் போனபோது, அந்த மச்சான் சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் முதலாளி.

"ஈரம் உறிஞ்சுற பைகளை ஏத்துற அன்னிக்கு நானே என் கையால உள்ள வச்சேன். இவதான் உறையைச் சரியா ஒட்டல. சாவி என்கிட்டதான், வேற யாரும் பெட்டியைத் தொடல," என்றார் மச்சான்.

மூடியைத் திறந்தார்கள். பலகை ஊறி உப்பியிருந்தது. உதிரிகளில் செந்துரு. மூலைக்கொன்றாகப் பைகள்.

"பை இருக்கே அண்ணா!" தங்கைக்குச் சப்பென்று போயிற்று. "அப்போ தப்பு அந்தக்கா மேலதானா?"

"அவசரக்குடுக்கை, கையில எடுத்து ஆட்டிப் பாரு."

ஆட்டினாள். உள்ளே மணிகள் கலகலவென்று உருண்டன.

"இது கால்சியம் குளோரைடு உப்பு, ஈரம் குடிச்சா கூழாயிடும்," என்றார் துப்பறிவாளர். "பலகை ஊறிப்போச்சு, இரும்பு துருப்பிடிச்சுப்போச்சு. இது மட்டும் கடல் தாண்டிப் போய்ட்டு வந்தும் தாகமே எடுக்காம இருந்துச்சா? பெட்டி திரும்பினப்புறம் வச்ச பைங்க இது. அப்போ இந்தம்மா வாசலுக்கு வெளியே. சாவி உங்க கையில. வைக்கிறதுதான் வச்சீங்க, கொஞ்சம் தண்ணி தெளிச்சு வைக்கிற புத்திகூட இல்லையே!"

மச்சானின் சாவி சுழல்வது நின்றது. முகத்தில் வியர்வை கொட்டியது.

"லாரிக்காரன் அவசரப்படுத்தினான்... பையெல்லாம் மாடியில இருந்துச்சு..."

"மாடி ஏற வலிச்சுது. அதுக்கு ஒருத்தி வயித்துல அடிக்கலாம், இல்ல?" துப்பறிவாளருக்கு அந்த மூஞ்சியைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. பெரிய வில்லனாக இருந்தாலாவது பிடித்ததில் ஒரு பெருமை இருந்திருக்கும்.

முதலாளி குழைந்தார். "குடும்ப விஷயம், வெளியே தெரிய வேண்டாம். நாளைக்கே வேலைக்கு வந்துடும்மா."

"வரேன். முதல்ல, எல்லார் முன்னாடியும் என்னைச் சொன்ன மாதிரியே, எல்லார் முன்னாடியும் இவர் தப்பை ஒத்துக்கட்டும்," என்றாள்.

பிறகு தங்கையின் கையிலிருந்த பையை வாங்கி, மச்சானின் சட்டைப் பையில் செருகினாள்.

"ரொம்ப வேர்க்குது உங்களுக்கு. இதுவாவது இங்க வேலை செய்யட்டும்."