காது கொடுத்தவர்

நிலவின் தரைக்கு அடியில் குடைந்து கட்டிய ஆறாம் குடியிருப்பில், தூக்கம் கலைந்த எவரும் கண்ணைத் திறப்பதற்கு முன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். செவியாழ் இருக்கிறது, பாடுகிறது என்று தெரிந்த பிறகுதான் காலைத் தரையில் வைப்பார்கள்.

செவியாழ் என்பது காதின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும் சுண்டைக்காய் அளவான கருவி. உடம்புச் சூட்டிலேயே ஓடும். நாடித் துடிப்பைப் பார்த்துப் பாட்டைத் தேர்ந்தெடுத்து, காதெலும்பின் வழியாக உள்ளே அனுப்பும். அதைச் சொகுசுப் பொருள் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. குடியிருப்புக்குக் காற்றைத் தரும் பொறி இரவு பகலாக உறுமிக்கொண்டே இருக்கும். அந்த உறுமலைக் கேட்டுக் கேட்டே, முதலில் வந்த தொழிலாளர்களில் சிலருக்குச் சித்தம் கலங்கிவிட்டது. போதாக்குறைக்கு, வீடுகளுக்கு நடுவே இருந்த சுவர் வெறும் தகடு. ஆகவே நிர்வாகம் ஆளுக்கொரு செவியாழ் கொடுத்துவிட்டது. ஒருவரோடு ஒருவர் பேச வேண்டுமானால் மணிக்கட்டுத் திரையில் எழுதிக் காட்டிக்கொள்வார்கள். கணவன் மனைவியும் அப்படித்தான்.

திருமேனிக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் பிரிவில் வேலை. நாதஸ்வரப் பைத்தியம். அன்று தொட்டியின் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தபோது, கல்யாணி ராகம் மேலே ஏறிக்கொண்டே போய் உச்சியைத் தொடப்போகிற இடத்தில் சட்டென்று அறுந்துபோயிற்று. காதைத் தட்டினார். கருவியைக் கழற்றி உதறினார், வாயால் ஊதினார். சூடு போதவில்லையோ என்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. பொறியின் உறுமல் மட்டும் நாலாபக்கமிருந்தும் வந்து அவர் மேல் உட்கார்ந்துகொண்டது.

பழுது பார்க்கும் கூடத்து இயந்திரன் கருவியை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே எரிந்துபோய்விட்டது, புதியது அடுத்த சரக்குக் கலத்தில்தான் வரும் என்றது. அதுவரை வேறு யாருடையதையாவது இரவல் வாங்கலாமா என்று கேட்டார். அவரவர் காதெலும்புக்கு ஏற்றபடி செய்தது, மாற்றிப் போட்டால் மண்டையிடி வரும் என்று பதில் வந்தது.

அதற்கப்புறம் திருமேனி ஓரிடத்தில் உட்காரவில்லை. தான் மெல்லும் சத்தமே அவருக்குப் பொறுக்கவில்லை. மனைவி வடிவு கரண்டியைத் தட்டில் வைத்தால் நெற்றி சுருங்கியது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து நடப்பார், திரும்ப வந்து உட்கார்ந்து நகத்தைக் கடிப்பார். பொறி ஒரு நொடி தடுமாறுகிறதோ என்று இரண்டு முறை காற்றுப் பிரிவுக்கு ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தார். அது எப்போதும் அப்படித்தானாம்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில், தகட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ அழுவது கேட்டது. மறுநாளும் கேட்டது. அதற்கடுத்த நாளும், சரியாகத் தட்டை எடுத்து வைக்கிற நேரத்தில், அதே அழுகை. வடிவிடம் எழுதிக் காட்டினார். நமக்கென்ன, விட்டுவிடுங்கள் என்று அவள் எழுதினாள். அவரால் விட முடியவில்லை. போய்க் கதவைத் தட்டினார்.

பக்கத்து வீட்டில் லூர்துசாமியும் அவன் மனைவி அமலியும் இருந்தார்கள். இருவருக்கும் சுரங்க வண்டி ஓட்டும் வேலை. கதவைத் திறந்த லூர்துசாமி, தன் செவியாழ் பழுதானதையும் அழுகை கேட்பதையும் திருமேனி திரையில் எழுதிக் காட்டியதைப் படித்துவிட்டுத் திகைத்து நின்றான். பிறகு அவரை வெளியே கூட்டி வந்து சுவரோரம் உட்கார்ந்து, பல வருடமாகப் பயன்படுத்தாத குரலில் வாய்விட்டே பேசினான்.

"எங்களுக்கு ஊர்ல ஒரு மவ இருக்கா அண்ணாச்சி. சின்னப் பிள்ளையள இங்க கொண்டாரக் கூடாதுன்னுட்டாவ. என் தங்கச்சிகிட்ட விட்டுட்டு வந்தோம். இப்ப அவளத்தான் அம்மான்னு கூப்பிடுதாளாம். அதக் கேட்டதுலேர்ந்து இவளுக்குச் சோறு எறங்கல."

திரும்பிப் போய்விடலாம்தான். ஆனால் ஒப்பந்தம் முடியும் முன் கிளம்பினால் ஒரு வீட்டிலிருந்து ஒருவர்தான் போக முடியும். இன்னொருவர் இரண்டு பேருடைய காலத்தையும் சேர்த்து உழைத்துக் கழிக்க வேண்டும். போவதா, இருப்பதா என்று தெரியாமல் அவன் தவித்துக்கொண்டிருந்தான். திருமேனி அவன் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

திருமேனியின் செவியாழ் பழுது, அவருக்குக் காது கேட்கும் என்ற செய்தி குடியிருப்பு முழுவதும் பரவிவிட்டது. ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். மேலதிகாரியைப் பற்றி ஒருவர், மாமியாரைப் பற்றி ஒருத்தி, வழுக்கையைப் பற்றி ஓர் இளைஞன். ஆரம்பத்தில் திருமேனி உருகிப்போனார். யோசித்து யோசித்துப் பதில் எழுதிக் காட்டினார். யாரும் திரையைப் பார்க்கவில்லை. பேசும்போதும் தங்கள் செவியாழை அவர்கள் நிறுத்துவதில்லை, சத்தத்தைக் குறைப்பதும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தார். அவர்களுக்கு வேண்டியிருந்தது எதிரே ஒரு முகம், அது அவ்வப்போது மேலும் கீழும் அசைய வேண்டும், அவ்வளவே. அவருக்கோ பொறியின் உறுமலோடு அத்தனை பேருடைய கவலையும் சேர்ந்து மண்டைக்குள் சுழன்றது. தூக்கம் போயிற்று. சரக்குக் கலம் எப்போது வரும் என்று நிர்வாகத்தை நச்சரித்தார்.

ஒருவழியாகக் கலம் வந்தது. புதிய செவியாழ் நெல்மணி போல இருந்தது, காதுத் துளைக்குள் போய்விட்டால் வெளியே தெரியாது. மாட்டியதும் உறுமல் அடங்கியது. அறுந்த இடத்திலிருந்தே கல்யாணி தொடர்ந்தபோது திருமேனியின் கண்ணில் நீர் வந்துவிட்டது. இனி யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் நினைத்தார். ஆனால் மதிப்போடு வந்து உட்காருகிறவர்களை எப்படி விரட்டுவது? வந்தார்கள், பேசினார்கள். அவர் நாதஸ்வரத்தைக் கேட்டபடி தலையாட்டினார். முன்னைவிட இப்போது அவரிடம் பேசினால் மனசு லேசாகிறது என்று ஒரு பெரியவர் எழுதியே காட்டினார்.

கலம் திரும்பிப் புறப்படுவதற்கு முந்தைய மாலை லூர்துசாமி வந்தான். நெடுநேரம் பேசினான். நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கடைசியில் எதையோ கேட்டுவிட்டு, திருமேனியின் முகத்தையே பார்த்தபடி நின்றான். காதுக்குள் தவில், மும்முறை அடித்து முடிக்கிற தீர்மானத்துக்கு வந்துகொண்டிருந்தது. முத்தாய்ப்போடு சேர்ந்து அவர் தலை பலமாக அசைந்தது. லூர்துசாமி அவர் கை இரண்டையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

மறுநாள், கலம் போன பிறகு, அமலி வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. திருமேனி காதில் விரலை விட்டுக் கருவியை எடுத்தார். உறுமலுக்கு நடுவே அவள் குரல் கேட்டது.

"அவர் போயிட்டாரு அண்ணாச்சி. 'அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டேன், அவரே சரின்னுட்டாரு, இனி எனக்குக் கலக்கம் இல்ல'ன்னு சொன்னாரு. இந்த ஊர்ல காது குடுத்துக் கேக்கது நீங்க ஒருத்தர்தானே."

திருமேனி முந்திய மாலையை நினைத்துப் பார்த்தார். போகட்டுமா என்று கேட்டானா, போகாமல் இருக்கட்டுமா என்று கேட்டானா? வேறு எதையாவது கேட்டுவிட்டு, விடையைத் தனக்கேற்ப எடுத்துக்கொண்டானா? எதைக் கேட்டிருந்தாலும் அவன் போய்விட்டான். இவள் மட்டும் இருவருக்கான காலத்தையும் இந்தப் பாறைக்கடியில் தனியே கழிப்பாள். அந்த எண்ணம் வந்ததும் அவர் நாக்கு தானாகவே அவிழ்ந்துகொண்டது. திரையில் எழுத வேண்டும் என்பதே நினைவுக்கு வரவில்லை.

"அமலி, என்ன மன்னிச்சிரும்மா. அவன் சொன்னதுல ஒரு வார்த்தகூட நான் கேக்கல. காதுல பாட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு. அதுக்குத்தான் தலைய ஆட்டுனேன். அவன் என்ன கேட்டாம்னே எனக்குத் தெரியாது."

அமலி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதின் பின்னால் செவியாழ் ஒட்டியபடியே இருந்தது. அவர் பேசி முடித்துவிட்டார் என்று உதடுகள் நின்றதிலிருந்து தெரிந்துகொண்டு, மெல்ல, ஆதரவாகத் தலையை ஆட்டினாள்.

"அதான் அண்ணாச்சி," என்றாள். "அவரும் அதத்தான் சொன்னாரு."